பெண் மானின் வயதைக் கணிப்பது எப்படி, எதைச் சுடுவது, எதை விடுவது

அமெரிக்காவிலோ கனடாவிலோ வேட்டை லைசென்ஸ் எடுத்து, கொம்பில்லாத மானுக்கான டேக்கை, அதாவது ஒரு மானைச் சுட அனுமதிக்கிற சீட்டை, முதன்முதலாகப் பையில் வைத்துக்கொண்டு பரணில் ஏறி உட்காருகிற எல்லாருக்கும் வருகிற குழப்பம் ஒன்றுதான். எதிரே நாலைந்து மான் மேய்கிறது, எல்லாம் ஒரே நிறம், எதற்கும் கொம்பில்லை, எதைச் சுடுவது? ஆண் மான் என்றால் கொம்பைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். பெண் மானுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் பலரும் முதலில் வெளியே வருகிற மானையே சுட்டுவிடுகிறார்கள், கிட்டே போய்ப் பார்த்தால் அது ஐந்து மாதக் குட்டியாக இருக்கிறது, அதிலும் பாதி நேரம் ஆண் குட்டி. கொஞ்சம் பொறுமையும் ஒரு நல்ல பைனாகுலரும் இருந்தால் இதைத் தவிர்க்கலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இது முழுக்க வட அமெரிக்காவின் வெள்ளைவால் மானைப் பற்றியது, சீசனும் டேக்கும் லைசென்ஸும் உள்ள இடங்களுக்கானது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை தண்டனைக்குரிய குற்றம், அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை. இங்கே நிலைமை வேறு. 1900 வாக்கில் சில லட்சங்களாகச் சுருங்கிப்போயிருந்த வெள்ளைவால் மான் இன்று அமெரிக்காவில் ஏறக்குறைய 3 கோடி என்று மதிப்பிடப்படுகிறது. பல இடங்களில் காட்டில் புதுச் செடி தலையெடுக்க முடியாத அளவுக்குக் கூட்டம் பெருகிவிட்டது. மான் கூட்டம் கூடுவதும் குறைவதும் பெண் மான்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆண் மானை எத்தனை சுட்டாலும் மிச்சமிருக்கிற சில ஆண்களே எல்லாப் பெண் மான்களையும் சினையாக்கிவிடும். அதனால் எந்தப் பெண் மானை எடுக்கிறோம் என்பது எந்தக் கொம்பை எடுக்கிறோம் என்பதைவிடக் காட்டுக்கு முக்கியமான கேள்வி.

மூன்று வயதுப் பிரிவு தெரிந்தால் போதும்

வெள்ளைவால் மான் பெரும்பாலான மாநிலங்களில் மே கடைசியிலும் ஜூனிலும் குட்டி போடும். ஆகவே நவம்பரில் பார்க்கிற மான் ஒன்று அந்த வருஷத்துக் குட்டியாக இருக்கும், சுமார் ஆறு மாதம். அல்லது போன வருஷம் பிறந்தது, ஒன்றரை வயசு. அல்லது இரண்டரையும் அதற்கு மேலும். எல்லா வயசிலும் ஒரு அரை ஒட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான். உயிரோடு நிற்கிற பெண் மானைப் பார்த்து இந்த மூன்றில் எது என்று சொல்லத் தெரிந்தால் அதுவே போதும். மூன்றரை வயசா ஐந்தரை வயசா என்று தூரத்திலிருந்து அடித்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை. தாடையைக் கையில் வைத்துக்கொண்டே அது கஷ்டம், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தனியாக நிற்கிற மானைப் பார்த்து முடிவு எடுக்காதீர்கள்

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். அளவு என்பது ஒப்பிட்டுப் பார்க்கிறபோதுதான் தெரியும். பெரிய வயல் நடுவே தனியாக நிற்கிற குட்டி, பக்கத்தில் அளவுக்கு எதுவும் இல்லாததால், முழு வளர்ச்சி அடைந்த மான் மாதிரியே தெரியும். துப்பாக்கியில் பொருத்திய ஸ்கோப் வழியாகப் பார்த்தால் இன்னும் பெரிசாகத் தெரியும், கூடவே மனசும் படபடக்கும், அப்போது கண் தனக்கு வேண்டியதையே பார்க்கும். ஆகவே குறைந்தது இரண்டு மூன்று மான் சேர்ந்து நிற்கும்வரை பொறுங்கள். மூன்று மான் ஒரே பைனாகுலர் வட்டத்துக்குள் வந்துவிட்டால் எது பெரிது எது சிறிது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

ஊருக்கு ஊர் அளவும் மாறும். விஸ்கான்சின், மினசோட்டா போன்ற குளிர் மாநிலங்களில் நன்றாகத் தின்று வளர்ந்த ஆறு மாதக் குட்டியும் டெக்ஸாஸ் மலைப்பகுதியில் வளர்ந்த தாய் மானும் எடையில் ஏறக்குறைய சமமாகவே இருக்கலாம். அதனால் "இத்தனை பவுண்டு இருந்தால் பெரிய மான்" என்று வேறொரு மாநிலத்துக்காரர் சொன்னதை மனசில் வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். உங்கள் இடத்து மானை உங்கள் இடத்து மானோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

தனி மானைத்தான் பார்க்க வாய்ப்பு என்றால் அளவுக்கு ஒரு அடையாளத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். சீசனுக்கு முன்னால் பரண் கட்டுகிற அன்றைக்கே, மான் வழக்கமாக வருகிற தடத்தின் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டு மூன்று அடி உயரத்தில் ஒரு கோடு போட்டுவிடுங்கள், அல்லது அங்கே இருக்கிற வேலிக்கம்பத்தையே டேப்பால் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த பெண் மானின் தோள் ஏறக்குறைய மூன்று அடி உயரம். அதைவிட நன்றாகக் கீழே முதுகு தெரிந்தால் அது குட்டி என்று எடுத்துக்கொள்ளுங்கள். வயலில் இது உண்மையாகவே உதவும், ஆனால் ஏனோ செய்கிறவர்கள் குறைவு.

உடம்பைப் பார்ப்பது

கால், கழுத்து, தலை எல்லாவற்றையும் மனசிலேயே அழித்துவிட்டு நடு உடம்பை மட்டும் பக்கவாட்டில் பாருங்கள். ஆறு மாதக் குட்டியின் உடம்பு கிட்டத்தட்டச் சதுரம், நீளமும் உயரமும் சமமாகத் தெரியும். வளர்ந்த பெண் மானின் உடம்பு நீள்சதுரம், நெஞ்சிலிருந்து பின்தொடை வரை நீண்டு இருக்கும். இந்த ஒரு வித்தியாசமே பத்தில் எட்டு மானைப் பிரித்துக் கொடுத்துவிடும்.

ஒன்றரை வயசுப் பெண் மான் இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும். நீளம் வந்திருக்கும், கனம் வந்திருக்காது. கால் நீளமாகத் தெரியும், கழுத்து மெல்லிசு, வயிற்றுக்கோடு நேராக இருக்கும், இடுப்புப் பக்கம் லேசாக உள்வாங்கி இருக்கும். பார்க்க அழகான மான் அது. பலரும் அதைத் தாய் மான் என்றே நினைத்துவிடுவார்கள், பக்கத்தில் உண்மையான தாய் மான் வந்து நின்றால்தான் அதன் மெலிவு தெரியும்.

நாலைந்து குட்டி போட்டு வளர்த்த மானுக்கு நெஞ்சு ஆழமாக இருக்கும், வயிறு நடுவில் தொங்கும், முதுகு சற்றுக் குழிந்திருக்கும், கழுத்து நீளமாகவும் தடிமனாகவும் இருக்கும். இன்னும் வயதானால் இடுப்பு எலும்பு துருத்தும், தாடைக்கடியில் தோல் தளரும், முகம் ஒட்டி எலும்பாகத் தெரியும். முகத்தில் நரை இருந்தால் கிழட்டு மான் என்பார்கள், அதை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம், மானுக்கு மான் முகத்து நிறம் மாறும்.

பனிக்காலத்தில் ஒரு சிக்கல் உண்டு. செப்டம்பர் வாக்கில் சிவப்புக் கோடை ரோமம் உதிர்ந்து சாம்பல் நிறக் குளிர்கால ரோமம் வந்துவிடும், கடும் குளிர் காலையில் அந்த ரோமத்தைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கிற குட்டி உருண்டையாக, பெரிதாகத் தெரியும். டிசம்பர் மாதக் குட்டியை உடம்பை மட்டும் வைத்து மதிப்பிட்டால் தப்பாகப் போக வாய்ப்பு அதிகம். அப்போது தலைதான் நம்பகமானது.

தலை, அதிலும் மூஞ்சி

கன்றுக்குட்டியையும் பசுவையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். கன்றுக்கு மூஞ்சி குட்டை, நெற்றி அகலம், காது முகத்தைவிடப் பெரிசாகத் தெரியும். பசுவுக்கு முகம் நீண்டு மூக்கு வரை இறங்கும். மானிலும் அதேதான். குட்டியின் கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் இடையே தூரம் குறைவு, அதனால் காது அளவுக்கு மீறிப் பெரிசாகத் தெரியும். தாய் மானுக்கு அந்த இடைவெளி நீண்டுவிடும், காதும் முகமும் ஒரு பொருத்தத்துக்கு வந்துவிடும். ரோமம் எவ்வளவு சிலிர்த்தாலும் மூக்கின் நீளம் மாறாது, அதனால்தான் சீசன் கடைசியில் இதை நம்பச் சொல்கிறேன். பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருங்கள். நேர் எதிரே பார்த்து நிற்கிற மானின் மூக்கு நீளத்தை யாராலும் சொல்ல முடியாது.

ஆண் குட்டியை அடையாளம் காண்பது

பட்டன் பக் என்று இங்கே எல்லாரும் சொல்வது கொம்பு இன்னும் வெளியே வராத, தோலுக்கடியில் மொட்டாக மட்டும் இருக்கிற அந்த வருஷத்து ஆண் குட்டியை. சட்டப்படி இதுவும் கொம்பில்லாத மான்தான். பென்சில்வேனியா, மிச்சிகன் போன்ற மாநிலங்களில் மூன்று அங்குலத்துக்குக் குறைவான கொம்பு இருந்தால் கொம்பில்லாத மான் கணக்கிலேயே வரும், ஆகவே சுட்டால் குற்றமில்லை. ஆனால் பெண் மான் தொகையைக் குறைக்கத்தானே அந்த டேக்கைக் கொடுத்தார்கள். ஆண் குட்டியில் அதைச் செலவழித்தால் பெண் தொகை ஒன்றும் குறையாது, இரண்டு வருஷம் கழித்து வரவேண்டிய ஒரு ஆண் மானும் போய்விடும்.

இரண்டு காதுக்கும் நடுவே உச்சந்தலையைப் பாருங்கள். பெண் குட்டிக்கு அது வளைவாக உருண்டிருக்கும். ஆண் குட்டிக்குத் தட்டையாக இருக்கும், இரண்டு பக்கமும் மொட்டு இருக்கிற இடத்தில் ரோமம் கறுப்பாக, சுழித்துக்கொண்டு தெரியும். தலை குனிந்து மேயும்போது இது நன்றாகத் தெரியும், தலை நிமிர்ந்திருக்கும்போது காது மறைத்துவிடும். நல்ல வெளிச்சமும் நிதானமும் வேண்டும். மங்கலான அந்திப்பொழுதில், சட்டப்படி இன்னும் சுடலாம் என்ற நேரத்திலும் இதைப் பார்க்க முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

இன்னொரு அடையாளம் நடத்தை. ஆண் குட்டிக்குத் துணிச்சல் அதிகம். சாயங்காலம் மேய்ச்சல் இடத்துக்கு எல்லாவற்றுக்கும் முந்தி, காற்றையும் மோப்பம் பிடிக்காமல், நேராக வயல் நடுவே வந்து நிற்கிறது என்றால் பெரும்பாலும் அது பட்டன் பக். அதுதான் முதலில் வருகிறது, அதுதான் தனியாக வருகிறது, அதைத்தான் அவசரக்காரர் சுடுகிறார். வயலில் முதலில் வந்ததைச் சுடாதே என்ற ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே இந்தத் தவறு பாதியாகக் குறைந்துவிடும்.

தாய் மான் எப்படி நடந்துகொள்ளும்

பெண் மான்கள் தாய்வழிக் குடும்பமாகத் திரியும். ஒரு மூத்த மான், அதன் போன வருஷத்து, அதற்கு முந்தின வருஷத்து மகள்கள், எல்லாவற்றின் குட்டிகளும். குட்டி போடுகிற மே, ஜூனில் போன வருஷத்துக் குட்டிகளை விரட்டிவிடும், இலையுதிர் காலத்தில் மகள்கள் மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும். வழியில் வரிசையாக நடக்கிறபோது பெரும்பாலும் மூத்த மான் முன்னால் போகும். திறந்த வெளிக்கு வந்துவிட்டால் இந்த வரிசை தலைகீழாகும். குட்டிகள் முதலில் துள்ளிக்கொண்டு போகும், மூத்தது காட்டோரத்திலேயே நின்றுவிடும்.

அது நிற்கிற விதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துப் பழகுங்கள். முன்னங்கால் ஒன்றை மெதுவாகத் தூக்கி, கீழே வைக்காமல் அப்படியே நிறுத்தி வைத்திருக்கும். பிறகு டொம்மென்று தரையில் ஒரு தட்டு. தலையை மேய்வது மாதிரி தாழ்த்திவிட்டுச் சட்டென்று தூக்கிப் பார்க்கும், நாம் அசைந்துவிடுவோமா என்று சோதிப்பதற்காக. காது இரண்டும் தனித்தனியாகத் திரும்பும். குட்டிகள் தின்றுகொண்டே இருக்கும், இது ஒரு வாய் தின்றுவிட்டு ஒரு நிமிஷம் பார்க்கும். மற்ற மான் கிட்டே வந்தால் காதைப் பின்னால் மடக்கி முறைக்கும், அப்படியும் விலகாவிட்டால் முன்னங்காலால் அடிக்கும். அடித்தது எது, ஒதுங்கியது எது என்று கவனித்தால் கூட்டத்தில் யார் பெரியவர் என்பது தெரிந்துபோகும். ஒதுங்கிய மான் உடம்பில் நீளமாக இருந்தால் அது பெரும்பாலும் ஒன்றரை வயசு மகள்.

நவம்பரில் இந்தக் கணக்கெல்லாம் கொஞ்சம் குழம்பும். இணை சேரும் காலத்தில் ஆண் மான் துரத்துகிற தாய் மான் குட்டிகளை ஒன்றிரண்டு நாள் விட்டுவிட்டுப் போய்விடும். ஆகவே அப்போது தனியாக அலைகிற சின்ன மான் குட்டியாகவே இருக்கலாம், தனியாக ஓடிவருகிற பெரிய பெண் மானுக்குக் குட்டி இல்லை என்று அர்த்தமும் கிடையாது.

சீசன் கடைசியில் இன்னொரு ஏமாற்றம் காத்திருக்கும். டிசம்பர் பாதிக்கு மேல் சில ஆண் மான்கள் கொம்பை உதிர்த்துவிடும், ஜனவரியில் இது இன்னும் அதிகம். கொம்பில்லாத, உடம்பு பெரிய மான் என்றால் அது தாய் மான் என்று துள்ளிவிட வேண்டாம். கழுத்து அளவுக்கு மீறிப் பருத்திருக்கிறதா, பின்னங்கால் முட்டியின் உள்பக்கச் சுரப்பி கறுத்து வழிந்திருக்கிறதா, உச்சந்தலையில் கொம்பு விழுந்த வட்டத் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய மான் ஒன்று கூட்டத்தைவிட்டுத் தனியே நின்றாலும் சந்தேகப்படுங்கள்.

சரி, எதைச் சுடுவது

இதற்குப் பொதுவான பதில் கிடையாது, அந்த இடத்தில் மான் அதிகமா, அளவாகவா, குறைவா என்பதைப் பொறுத்தது. அதை எப்படித் தெரிந்துகொள்வது? காட்டுக்குள் நடந்து போய்ப் பாருங்கள். மான் எட்டுகிற உயரம் வரை, அதாவது சுமார் ஐந்து அடிவரை, எல்லா இலையும் தின்னப்பட்டு ஒரு கோடு போட்ட மாதிரி வெறுமையாகத் தெரிந்தால் கூட்டம் அதிகம். கீழே ஓக், மேப்பிள் கன்றுகள் முளைத்துத் தழைத்து நின்றால் அவ்வளவு நெருக்கடி இல்லை. மாநில வனவிலங்குத் துறை ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை டேக் தருகிறது என்பதும் நல்ல குறிப்பு. ஒரே பகுதிக்குத் தாராளமாகத் தருகிறார்கள் என்றால் குறைக்கச் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

மான் அதிகம் என்றால் பெரிய தாய் மானை எடுங்கள். கணக்கு எளிது. ஆறு மாதப் பெண் குட்டி நல்ல தீனி கிடைக்கும் இடங்களில் முதல் வருஷமே சினையாகலாம், ஆனால் பெரும்பாலும் ஆகாது. ஒன்றரை வயசு மான் பெரும்பாலும் ஒரு குட்டி போடும். இரண்டரைக்கு மேற்பட்ட மான் வழக்கமாக இரட்டைக் குட்டி. அப்படியானால் அதை எடுக்கிறபோது அடுத்த ஜூனில் வரவேண்டிய இரண்டு குட்டியும் கணக்கில் குறைகிறது. சீசன் தொடக்கத்திலேயே எடுத்தால் இன்னும் நல்லது, மிச்ச மானுக்குக் குளிர்காலத் தீனி அந்த அளவுக்கு மிஞ்சும், இணை சேர்கிற காலத்தில் ஆண்கள் அலைச்சலும் குறையும். குட்டிகளும் அப்போது சின்னதாக இருப்பதால் பெரிய மானை அடையாளம் காண்பதும் சுலபம்.

கிழட்டு மான் குட்டி போடாது, அதனால் அதை எடுத்துவிடுவது நல்லது என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இது பெரிய கட்டுக்கதை. பெண் மான் பத்து வயசைத் தாண்டியும் குட்டி போடும், நடு வயசு மான்தான் குட்டியை வளர்ப்பதில் கெட்டிக்காரி. இலையுதிர் காலத்தில் குட்டி கூட இல்லாத பெரிய மான் என்றால் அது மலடு என்று ஆகாது, குட்டி கொயோட்டுக்கு, அதாவது ஓநாய் இனத்துச் சின்ன வேட்டை விலங்குக்கு, இரையாகியிருக்கலாம். ஆகவே குறைக்க வேண்டிய இடத்தில் மூத்த மானை எடுக்கிறோம் என்றால் அதிகம் பெற்றெடுக்கிறது என்பதற்காக எடுக்கிறோம்.

மான் குறைவான இடத்தில், குறிப்பாகத் தென்கிழக்கு மாநிலங்களில் கொயோட்டுகள் குட்டிகளை வேகமாகத் தின்கிற பகுதிகளில், என் கருத்து பெண் மானையே விட்டுவிடுவது. டேக் இருக்கிறது என்பதற்காகச் சுட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வீட்டுக்குக் கறி வேண்டும் என்றால் பெண் குட்டி ஒன்றை எடுங்கள். வட மாநிலக் கடும் குளிரில் முதலில் சாவது குட்டிகள்தான் என்பதால் கூட்டத்துக்கு அதனால் ஆகிற நஷ்டம் தாய் மானை எடுப்பதைவிடக் குறைவு. ஐரோப்பாவில் பல நாடுகளில் குட்டியை முதலில், தாயைப் பிறகு என்பதே வழக்கமான வேட்டை ஒழுங்கு.

வட மிச்சிகன், மெய்ன், மினசோட்டா மாதிரிப் பனி கொட்டுகிற பகுதிகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. அங்கே மான்கள் குளிர்காலத்தில் அடர்ந்த ஊசியிலைக் காடுகளில், டியர் யார்ட் என்கிற இடங்களில் ஒதுங்கும். சில மான்கள் அதற்காகப் பல மைல் நடந்து போகும். அந்த வழியைக் குட்டி தன் தாயிடமிருந்துதான் கற்றுக்கொள்கிறது. எண்ணிக்கை குறைந்த கூட்டத்தில் வழி தெரிந்த மூத்த மானை எடுப்பது எனக்கு உறுத்துகிறது. அந்த இடங்களில் ஒன்றரை வயசு மானையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

மான் குறைவில்லாத இடத்தில் கறிக்காக மட்டும் என்றால் என் தேர்வு ஒன்றரை வயசுப் பெண் மான்தான். கறி மெத்தென்று இருக்கும், குட்டியைவிட அளவும் ஓரளவு கிடைக்கும். மூத்த மானின் கறி கடினம் என்று ஒதுக்குகிறார்கள், அதில் பாதி கையாள்வதில் இருக்கிறது. சுட்டவுடன் குடலை எடுத்து, உடம்பைச் சீக்கிரம் குளிரவைத்து, உறையவிடாமல் குளிர்ச்சியில் சில நாள் தொங்கவிட்டால் முதுகுக் கறி எந்த வயசு மானிலும் நன்றாகவே வரும், தொடைக் கறியை அரைத்துக்கொள்ளலாம்.

பரணைக் கண்டுபிடித்து ஒவ்வொரு நாளும் மூக்கால் புஸ்ஸென்று ஊதி மற்ற மான்களையெல்லாம் விரட்டிவிடுகிற மூத்த மான் எல்லா இடத்திலும் ஒன்று இருக்கும். அதை எடுத்துவிட்டால் வேட்டை சுலபமாகும் என்பது உண்மைதான், மான் அதிகமான இடத்தில் எடுக்கலாம். ஆனால் கோபத்தில் எடுக்கிற ஷாட் அவசர ஷாட்டாகத்தான் இருக்கும். அது பரணைக் கண்டுபிடித்துவிட்டது என்றால் காற்றுத் திசையைப் பார்த்துப் பரணை மாற்றுவது அதைவிட நல்ல வழி.

குட்டியோடு நிற்கிற தாயைச் சுடலாமா என்று நிறையப் பேருக்கு மனசு கேட்காது. அந்த மனசு நல்ல மனசுதான், அதை யாரும் கேலி செய்யக் கூடாது. ஆனால் உண்மை நிலவரம் இது: குட்டி இரண்டரை மாதத்திலேயே பால் இல்லாமலும் பிழைக்கும் அளவுக்குத் தானாக மேய ஆரம்பித்துவிடுகிறது, நவம்பரில் அது தாய் இல்லாமலும் பிழைக்கும், கூட்டத்தில் இருக்கிற மற்ற மான்களோடு சேர்ந்துகொள்ளும். இன்னும் ஒன்று, தாய் இல்லாத ஆண் குட்டிகள் ஒன்றரை வயசில் ஊரைவிட்டுப் போவது குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, ஏனென்றால் விரட்டுவதற்குத் தாய் இல்லை. இருந்தாலும் செப்டம்பர் வில்வேட்டை சீசனில் உடம்பில் வெள்ளைப் புள்ளி இன்னும் மறையாத குட்டி கூட இருந்தால் அந்தத் தாயை நான் விட்டுவிடச் சொல்வேன். கொஞ்சம் பிந்திப் பிறந்த குட்டி அது, இன்னும் ஒரு மாதம் கழித்து எடுத்தால் எதுவும் கெட்டுவிடாது.

எலும்பாக மெலிந்து, தலை தொங்கி, எச்சில் ஒழுகி, மனுஷனைக் கண்டும் ஓடாத மானைக் கறிக்கென்று எடுக்காதீர்கள், வனவிலங்குத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். மானுக்கு வருகிற, மூளையைத் தாக்கி உடம்பை மெலியவைத்துக் கொல்கிற சிடபிள்யுடி (Chronic Wasting Disease) என்ற நோய் 1967இல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்டது, இன்று பல மாநிலங்களில் பரவியிருக்கிறது. நோய் உள்ள பகுதி என்றால் ஆரோக்கியமாகத் தெரிகிற மானின் தலையையும் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை கறியைத் தொடாமல் ஃப்ரீசரில் வையுங்கள். நோய் உறுதியான மானின் கறியைச் சாப்பிட வேண்டாம் என்றுதான் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் சொல்கிறது.

தாடையைத் திறந்து பாருங்கள்

சுட்ட பிறகுதான் நம் கணிப்பு சரியா என்று தெரியும், இதைச் செய்யாமல் விட்டால் பத்து வருஷம் வேட்டையாடினாலும் கண் பழகாது. கீழ்த்தாடையின் ஒரு பக்கத்துக் கடைவாய்ப் பற்களை டார்ச் அடித்து எண்ணுங்கள். ஆறு பல் இல்லை, நாலோ ஐந்தோதான் இருக்கிறது என்றால் அது அந்த வருஷத்துக் குட்டி. ஆறும் இருந்தால் முன்னாலிருந்து மூன்றாவது பல்லைப் பாருங்கள். அதில் மூன்று முகடு இருந்தால் அது பால்பல், மான் ஒன்றரை வயசு. சில நேரம் அந்தப் பால்பல் ஆடிக்கொண்டிருக்கும், அல்லது அப்போதுதான் விழுந்து அடியிலிருந்து வெள்ளை வெளேரென்று புதுப் பல் எட்டிப்பார்க்கும், அதுவும் ஒன்றரை வயசுதான். மூன்றாவது பல்லில் இரண்டே முகடு, மற்றப் பற்களைப் போலவே கறை படிந்திருக்கிறது என்றால் இரண்டரையோ அதற்கு மேலோ.

அதற்கு மேல் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும். பல்லின் முகட்டில் வெளியே வெள்ளை எனாமல், நடுவே பழுப்பு டென்டின். நாலாவது பல்லில், அதாவது முதல் பெரிய கடைவாய்ப் பல்லில், நாக்குப் பக்க முகட்டில் பழுப்புக் கோடு வெள்ளையைவிட மெல்லிசாக இருந்தால் இரண்டரை, அகலமாகிவிட்டால் மூன்றரையோ அதற்கு மேலோ. இந்த முறை 1949இல் வெளியானது, சுட்ட மானைப் பதிவு செய்கிற சோதனைச் சாவடிகளில் இன்றும் அதைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் மணல் மண்ணில் மேய்கிற மானுக்குப் பல் வேகமாகத் தேயும், அதனால் மூன்றரைக்கு மேல் இதை நம்பி அடித்துப் பேச வேண்டாம். துல்லியமாக வேண்டும் என்றால் கீழ்த்தாடையின் முன்பல் இரண்டை வேரோடு எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், வேரை மெல்லிசாக வெட்டி அதில் வருஷத்துக்கு ஒன்றாகப் படிகிற வளையத்தை எண்ணிச் சொல்வார்கள். மான்களுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

மடியையும் கையால் அழுத்திப் பாருங்கள். பால் வந்தால் அந்த வருஷம் குட்டி வளர்த்திருக்கிறது. இலையுதிர் காலத் தொடக்கத்தில் பால் இருக்கும், நவம்பர் கடைசியில் வற்றியிருக்கும், ஆகவே தேதியையும் சேர்த்து எழுத வேண்டும். ஒரு நோட்டில் தேதி, இடம், சுடுவதற்கு முன் நினைத்த வயசு, தாடை சொன்ன வயசு, குடல் எடுத்த பிறகு எடை, பால் இருந்ததா இல்லையா, இவ்வளவும் எழுதி வையுங்கள். ஒரே நிலத்தில் வேட்டையாடுகிற எல்லாரும் ஒரே நோட்டில் எழுதினால் சில வருஷத்தில் அங்கே ஒன்றரை வயசு மானின் எடை ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். ஏறினால் மிச்ச மானுக்குத் தீனி போதுமானதாக இருக்கிறது, இறங்கினால் அடுத்த சீசனில் தாய் மானை இன்னும் ஒன்றிரண்டு கூடுதலாக எடுக்க வேண்டியிருக்கும்.